நான்காம் நாளில் பாப்பாவின் கண் மஞ்சளாக இருக்கிறது: காலை வெயில் போதுமா?

தங்கச்சிமடத்தான் | செவ்வாய், காலை 6.10

வணக்கம். எங்களுக்குத் தலைப்பிள்ளை, பெண் குழந்தை. வெள்ளி இரவு 11 மணிக்குப் பிறந்தாள். 37 வாரம், சுகப்பிரசவம், எடை 2.7 கிலோ. ஞாயிறு மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று இரவு பல்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பிள்ளை எலுமிச்சம்பழ நிறத்தில் வந்திருக்கிறாள் என்று அத்தை பூரித்துப்போனார். இன்று விடிந்ததும் வாசலுக்குத் தூக்கிவந்தபோதுதான் கண்ணின் வெள்ளைப்பகுதியே மஞ்சளாக இருப்பதைப் பார்த்தேன்.

எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், காலை வெயிலில் அரை மணி நேரம் காட்டினால் இறங்கிவிடும் என்கிறார் அத்தை. பக்கத்து வீட்டு அம்மா கீழாநெல்லியை அரைத்து நாக்கில் ஒரு சொட்டு தடவச் சொல்கிறார். என் மனைவிக்கு நேற்றிலிருந்து மீன் இல்லை, மஞ்சள் இல்லை, வெறும் ரசம் சோறுதான். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூக்கையூர் அப்பத்தா | செவ்வாய், காலை 6.35

தம்பி, பயப்படாதே. என் ஐந்து பிள்ளைகளில் நான்கு பேருக்கு இப்படித்தான் மஞ்சள் தட்டியது. காலையில் கிழக்குப் பார்த்த திண்ணையில் மடியில் போட்டு வெயில் காட்டினேன். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் கீழாநெல்லி மட்டும் வேண்டாம். அது பெரியவர்களுக்கான மருந்து. பச்சைப்பிள்ளை வயிற்றுக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் ஆகாது.

நர்ஸம்மா மண்டபம் | செவ்வாய், காலை 6.50

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டுகள் இந்தக் கரையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அப்பத்தா கீழாநெல்லி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வெயில் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் எனக்குப் பதில் வேண்டும்.

வெள்ளி இரவு 11 மணி என்றால் இப்போது ஏறக்குறைய 80 மணி நேரம் ஆகிறது. இந்தக் காமாலையில் நாள் கணக்கு போதாது, மணிக்கணக்கு வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதுமே நோய்தான், உடனே ஓடவேண்டும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஏறி, பிறகு இரண்டு வாரத்துக்குள் இறங்கினால் பெரும்பாலும் இயல்பானது. ஆனால் அந்த இயல்பான காமாலையும் சில பிள்ளைகளுக்கு அளவு மீறிப்போகும். வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் அது உச்சிக்குப் போகிறது என்பதுதான் ஆபத்து.

இப்போது பாப்பாவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துணியை அவிழ்த்துவிடுங்கள். கட்டைவிரலால் நெற்றியில் மெதுவாக அழுத்தி எடுங்கள். இரத்தம் திரும்பி வருவதற்குள் அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். அப்படியே நெஞ்சு, தொப்புளுக்குக் கீழே, தொடை, முழங்காலுக்குக் கீழே, கடைசியாக உள்ளங்கால். மஞ்சள் எதுவரை இறங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகளின் நிறத்தில் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஈறையும் உள்ளங்காலையும் பார்க்கவேண்டும். இரவு பல்பு வெளிச்சத்தை நம்பவே கூடாது.

நேற்று எத்தனை முறை சிறுநீர் கழித்தாள்? மலம் இன்னும் கறுப்பாகவே இருக்கிறதா? தானாக விழித்துப் பாலுக்கு அழுகிறாளா, நீங்கள் எழுப்பவேண்டியிருக்கிறதா? தாயின் இரத்த வகை என்ன?

தங்கச்சிமடத்தான் | செவ்வாய், காலை 7.05

நர்ஸம்மா, பார்த்துவிட்டேன். நெற்றி, நெஞ்சு, வயிறு எல்லாம் மஞ்சள். தொடையிலும் இருக்கிறது. உள்ளங்கால் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நேற்று முழுவதும் இரண்டு துணிதான் நனைந்தது. மலம் கருநிறம்தான். இரவில் பாலுக்கு அழவே இல்லை. சமர்த்துப் பிள்ளை, அம்மாவைத் தூங்கவிடுகிறாள் என்று எல்லோரும் சொன்னோம். மனைவி ஓ பாசிட்டிவ்.

நர்ஸம்மா மண்டபம் | செவ்வாய், காலை 7.08

உடனே கிளம்புங்கள். பாப்பாவையும் தாயையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். வெயில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கும் வண்டியில் பாலம் தாண்டி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளைக்கு மஞ்சள், பால் குடிக்கவில்லை, 80 மணி நேரம் ஆகிறது: இந்த மூன்றையும் நுழைந்தவுடன் சொல்லுங்கள். வழியில் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்கட்டும். தூங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை சமர்த்துப் பிள்ளை இல்லை தம்பி.

தங்கச்சிமடத்தான் | செவ்வாய், பிற்பகல் 2.40

சேர்த்துவிட்டோம். இரத்தத்தில் மஞ்சளைக் கொடுக்கும் பிலிரூபின் என்ற பொருள் 19.2 என்று வந்திருக்கிறது. எடை 2.4 கிலோ. நான்கு நாளில் 300 கிராம் குறைந்துவிட்டது. நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குப் பட்டை கட்டி, இடுப்புத் துணி மட்டும் விட்டு, முழு உடம்பும் வெளிச்சம் படும்படி. ஒன்றும் புரியாமல் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன். மஞ்சள் எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டில் யாருக்கும் காமாலை இல்லை. தண்ணீர் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

பரிசோதனைக்கூடத்துக்காரன் | செவ்வாய், மாலை 4.15

அண்ணன், நான் ஓர் ஆய்வகத்தில் இரத்தம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே குழப்பத்தின் வேர் இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் காமாலை என்ற ஒரே சொல்தான். அசுத்தத் தண்ணீரால் பெரியவர்களுக்கு வரும் காமாலையில் கிருமி கல்லீரலைத் தாக்குகிறது. பச்சைப்பிள்ளைக்கு வருவதில் பெரும்பாலும் கிருமியும் இல்லை, கல்லீரல் கெட்டுப்போகவும் இல்லை. கல்லீரலில் ஒரு வேலை இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். அதனால் தொற்றாது. தாய் மஞ்சள் சேர்த்த குழம்பு சாப்பிட்டாலும் அது அதிகமாகாது.

பழைய வலையை நாம் எப்படிப் பிரிக்கிறோம்? ஈயத்தையும் மிதவையையும் எடுத்து வைத்துக்கொண்டு, மக்கிய நூலை எறிந்துவிடுகிறோம். உடம்பும் பழைய சிவப்பணுவை அப்படித்தான் பிரிக்கிறது. இரும்பை எடுத்து வைக்கிறது, புரதத்தைத் திரும்பப் பயன்படுத்துகிறது. மிஞ்சும் கழிவு முதலில் பச்சை நிறமான பிலிவெர்டின், அடுத்து மஞ்சள் நிறமான பிலிரூபின். படகுப் பலகையில் முழங்கால் இடித்துக்கொண்டால் கருநீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறுகிறதே, அது நம் கண்முன்னே நடக்கும் இதே வேலை.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அதனால் அதற்குச் சிவப்பணுக்கள் அதிகம். அந்த அணுக்களுக்கு ஆயுளும் குறைவு. நமக்கு 120 நாள் என்றால் அவற்றுக்கு 70 முதல் 90 நாள்தான். ஆகவே கிலோவுக்குக் கிலோ கணக்குப் போட்டால், பெரியவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பிலிரூபின் உண்டாகிறது. பிறக்கும்வரை அதை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் கல்லீரல் வாங்கிக் கழித்துவிட்டது. தொப்புள் கொடியை அறுத்த நொடியில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இந்த மஞ்சள் தண்ணீரில் கரையாது. எனவே சிறுநீரில் போகாது. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் மேல் ஏறித்தான் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு நொதி குளுக்குரோனிக் அமிலத்தை அதோடு சேர்த்துக் கட்டிவிட்டால் தண்ணீரில் கரையும். பிறகு பித்தத்தோடு குடலுக்குப் போய் மலத்தில் வெளியேறும். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கே அந்த நொதியின் வேகம் பெரியவர்களில் நூற்றில் ஒரு பங்குதான். முழு வேகத்துக்கு வர 14 வாரம் போல் ஆகும். 37 வாரத்தில் பிறந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் மந்தம்.

கல்லீரல் கஷ்டப்பட்டுக் கட்டி அனுப்பிய சரக்கும் குடலில் தங்கினால் அவிழ்ந்துவிடுகிறது. பச்சைப்பிள்ளையின் குடலில் அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதி ஒன்று மிகுதியாக இருக்கிறது. அவிழ்ந்த பிலிரூபின் மறுபடி இரத்தத்துக்கே ஏறுகிறது. அந்த முதல் கறுப்பு மலத்தில் நிறைய பிலிரூபின் இருக்கிறது. பால் போதுமான அளவு உள்ளே போனால்தான் அது வெளியே தள்ளப்படும். உங்கள் பாப்பாவுக்கு நான்காம் நாளிலும் கறுப்பு மலம்தான் என்றபோதே நர்ஸம்மாவுக்குப் புரிந்திருக்கும்.

நர்ஸம்மா மண்டபம் | செவ்வாய், மாலை 5.00

புரிந்தது தம்பி. 2.7 கிலோவில் 300 கிராம் என்றால் பத்து சதவீதத்துக்கு மேல். தாய்க்குப் பால் இல்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். 37 வாரத்துப் பிள்ளை சீக்கிரம் களைத்துப்போகும், நான்கு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். மஞ்சள் ஏறினால் இன்னும் தூங்கும்; தூங்கினால் பால் குறையும், மஞ்சள் மேலும் ஏறும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுக்கவேண்டும். விளக்கின் கீழ் இருக்கும்போதும் எடுத்துக் கொடுக்கலாம். குடிக்கத் திணறினால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கச் சொல்லித்தருவார்கள். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். சீனித்தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பசியை அடக்கிவிடும், மலத்தை வெளியேற்றாது.

அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பிள்ளை பெற்றவளுக்கு ரசம் சோறு தண்டனை வேண்டாம். இந்தக் கரையில் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டும் காரல் மீன் சாறும் கொடுத்து வளர்த்த பெண்கள்தானே நாம் எல்லோரும்?

தேவிபட்டினம் வாத்தியார் | செவ்வாய், இரவு 8.20

ஒரு சந்தேகம். மருத்துவமனையிலும் வெளிச்சம்தான் காட்டுகிறார்கள். அப்படியானால் அப்பத்தா சொன்ன வெயில் எப்படித் தவறாகும்? அதுவும் வெளிச்சம்தானே?

பரிசோதனைக்கூடத்துக்காரன் | செவ்வாய், இரவு 9.30

நல்ல கேள்வி ஐயா. அப்பத்தா சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்த வைத்தியமே வெயிலிலிருந்துதான் பிறந்தது.

1956-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் வார்ட் என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளின் பிரிவைக் கவனித்துவந்தார். நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். ஒருநாள் மருத்துவர்கள் சுற்றி வரும்போது ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோணம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. போர்வையின் மூலை மூடியிருந்த இடம் அது! பிறகு, வெயில் படும் இடத்தில் சில மணி நேரம் கிடந்துவிட்ட ஓர் இரத்த மாதிரியில் பிலிரூபின் அளவு குறைந்துபோயிருந்ததையும் கண்டார்கள். மருத்துவர் ரிச்சர்ட் கிரெமரும் அவருடைய கூட்டாளிகளும் நீல வெளிச்சக் கருவியைச் செய்து, 1958-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்றும் எங்கள் ஆய்வகத்தில் பச்சிளங்குழந்தையின் இரத்தம் வந்தால் குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றித்தான் வைப்போம். ஜன்னலோரம் விட்டால் பொய்க் கணக்கு வந்துவிடும்.

460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள நீல வெளிச்சம் தோலுக்குள் இருக்கும் பிலிரூபினின் வடிவத்தை மாற்றுகிறது. வடிவம் மாறியது கல்லீரலின் கட்டுக்குக் காத்திருக்காமல் நேரடியாகப் பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடுகிறது. அதாவது சோம்பிக் கிடக்கும் நொதியைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு குறுக்குவழி.

வெயிலிலும் அந்த நீலம் இருக்கிறது. ஆனால் புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன. வேலை நடக்கவேண்டுமானால் துணியில்லாமல் மணிக்கணக்காக வைக்கவேண்டும். ராமநாதபுரத்து வெயிலில் எடை குறைந்த பிள்ளையை மணிக்கணக்காக வைத்தால் தோல் வெந்து, உடம்பில் நீர் வற்றிவிடும். மடியில் துணி சுற்றி அரை மணி நேரம் காட்டினால் அளவு போதாது. நைஜீரியாவில் புற ஊதாக் கதிரை வடிகட்டும் தாளால் கூரை போட்டு, அதன் கீழ் குழந்தைகளை வைத்து, கண்காணிப்போடு செய்து பார்த்ததில் நல்ல பலன் கிடைத்தது. 2015-இல் அது வெளியானது. நம் திண்ணையில் அந்தக் கூரையும் இல்லை, இரத்தம் பார்ப்பவரும் இல்லை. அப்பத்தாவின் நான்கு பிள்ளைகளும் பெரும்பாலும் வெயில் இல்லாமலே தேறியிருப்பார்கள். மாதம் நிறைந்து பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஆறு பேருக்கு மஞ்சள் வருகிறது, அவர்களில் மிகப் பலருக்குத் தானாகவே இறங்கிவிடுகிறது. ஐந்தாவது பிள்ளைக்கு 19 இருந்திருந்தால் அந்தத் திண்ணையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

கீழக்கரை உம்மா | செவ்வாய், இரவு 10.45

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மூத்த மகன் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான். பிறந்தபோது நிறைமாதம், மூன்று கிலோ, பாலும் நன்றாகக் குடித்தான். புதுத்துணி ஆகாது, குத்தும் என்று என் உம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பருத்திச் சேலைகளை எடுத்துக் கிழித்து, மடித்து, அவனைச் சுற்றினார்கள். எவ்வளவு மிருதுவான துணி! வாசம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மடிப்பிலிருந்து பாதி கரைந்த ஓர் அந்துருண்டை உருண்டு பாயில் விழுந்தது. அதை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுத் துணியை அப்படியே பயன்படுத்தினோம்.

மூன்றாம் நாள் இரவு உடம்பு முழுக்க மஞ்சள். உதடு வெளுத்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். 26 இருந்தது. விளக்கு போதாது என்று இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டுப் புது இரத்தம் ஏற்றினார்கள். பழந்துணி எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, எனக்கு அந்த உருண்டைதான் கண்முன் வந்தது.

அவனுக்கு ஜி6பிடி என்ற நொதி குறைவு. அது குறைந்தவர்களுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் மூச்சிலோ தோலிலோ சேர்ந்தால் சிவப்பணுக்கள் மொத்தமாக உடையும். ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வெளிப்படும்; தாயிடமிருந்து வரும். என்னிடமிருந்து வந்தது என்று தெரிந்த நாளில் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். மருதாணியும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொன்னார்கள். எங்கள் பக்கம் பிள்ளைக்கு மருதாணி இடும் ஆசை உண்டு. தயவுசெய்து பச்சைப்பிள்ளைக்கு இடாதீர்கள். அவன் காதைப் பலமுறை பரிசோதித்தார்கள். கேட்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

பெட்டியில் இருந்த பழந்துணி என்றால் துவைத்து, வெயிலில் காயவைத்து, வாசம் முழுக்கப் போன பிறகுதான் பிள்ளைக்கு. உருண்டை போட்ட துணியே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது.

நர்ஸம்மா மண்டபம் | புதன், காலை 5.55

கீழக்கரை மகளே, நீ எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். என் மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். மேல் தட்டில் ஐந்து உருண்டைகள் இருந்தன. எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

நீ ஒன்றைக் குறித்து வைத்துக்கொள். மலேரியா வந்தால் கொடுக்கும் பிரைமாகுவின் மாத்திரையும் இந்த நொதி குறைந்தவர்களுக்கு இரத்தத்தை உடைக்கும். உன் மகனுக்குக் காய்ச்சல் என்று எங்கே போனாலும், மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பே ஜி6பிடி என்று சொல்லிவிடு.

காதைப் பார்த்தது ஏன் என்று மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஆல்புமினில் இடம் தீர்ந்து மிஞ்சிய பிலிரூபின் மூளைக்குள் போய்ப் படிந்துவிடும். கேட்கும் நரம்பையும் உடம்பின் அசைவை ஆளும் பகுதியையும் கெடுக்கும். கெட்டால் திரும்பாது. பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, கீச்சென்று அழுவது, வில்லைப்போல் பின்னால் வளைவது, வலிப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. பணியில் இருந்தபோது ஒரு மீனவக் குப்பத்தில் அப்படி வளைந்த ஒரு பிள்ளையைத் தூக்கியிருக்கிறேன். எட்டாம் நாள் அது. மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றின் கறுப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தங்கச்சிமடத்தான் | புதன், மாலை 3.30

24 மணி நேரத்தில் 13.6-க்கு இறங்கிவிட்டது. அத்தை சத்தம் போட்டு அழுதுவிட்டார். பாப்பாவின் இரத்தம் பி பாசிட்டிவ். தாய் ஓ, பிள்ளை பி என்பதால் தாயின் எதிர்ப்புப்பொருள் பிள்ளையின் அணுக்களை உடைக்கிறதா என்று பரிசோதித்தார்கள். இல்லை என்று வந்தது. பால் போதாததும், முன்கூட்டியே பிறந்ததும்தான் காரணம் என்றார்கள். இன்று காலையிலிருந்து ஆறு துணி நனைந்திருக்கிறது. மலம் கடுகு நிறத்துக்கு வந்துவிட்டது. பசித்து அழுகிறாள்! அந்த அழுகையைக் கேட்க நேற்று எவ்வளவு ஏங்கினேன்.

ஒரு வருத்தம் மட்டும் மனத்தில் இருக்கிறது. பிரசவம் பார்த்த இடத்தில் ஞாயிறு மாலை எங்களை அனுப்பும்போது, இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சீட்டில் தடுப்பூசித் தேதி மட்டும்தான் இருந்தது. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் நான்கு பேர் அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்திருப்போம்.

தொண்டி அப்பா | புதன், இரவு 9.10

சுருக்கமாக ஒன்று. மஞ்சள் இறங்கியபின் மறந்துவிடாதீர்கள். என் அண்ணன் பிள்ளைக்கு 14 நாள் கழித்தும் மஞ்சள் இருந்தது. நன்றாகப் பால் குடித்தான், எடையும் ஏறியது. தாய்ப்பால் காமாலை என்று விட்டுவிட்டோம். தாய்ப்பாலாலும் சில வாரம் நீடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவன் மலம் சுண்ணாம்பு கலந்த களிமண்போல் வெளுத்திருந்தது, சிறுநீர் துணியில் கறை பிடித்தது. பித்தக்குழாய் அடைப்பு. அதற்கு அறுவை சிகிச்சை உண்டு, 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். நாங்கள் 50-ஆம் நாளில் போய்ச் சேர்ந்தோம். இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நின்றால் நேர்வகைப் பிலிரூபினை, அதாவது கல்லீரல் கட்டி முடித்த பிலிரூபினை, தனியாகப் பாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள். மலத்தின் நிறத்தைத் தினமும் பாருங்கள்.

மூக்கையூர் அப்பத்தா | வியாழன், காலை 6.20

எல்லாவற்றையும் என் பேத்தி வாசித்துக் காட்டினாள். ஐந்தாவது பிள்ளை பற்றிப் பரிசோதனைக்கூடத்துத் தம்பி எழுதியது மனத்தைத் தைத்துவிட்டது. எனக்குத் தெரிந்ததை நல்ல மனத்தோடுதான் சொன்னேன் தம்பி. அந்தக் காலத்தில் பிறந்து ஒரு வாரத்தில் போன பிள்ளைகளுக்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை. எதனால் போனது என்று கேட்கவும் இல்லை. என் ஓரகத்தியின் பிள்ளை ஒன்று மஞ்சளாகத்தான் போனது. பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம்.

தங்கச்சிமடத்தான் | சனி, காலை 10.15

அப்பத்தா, நீங்கள் கீழாநெல்லியைத் தடுத்தீர்களே, அதை நான் மறக்கமாட்டேன். விளக்கை நிறுத்தி ஒரு நாள் கழித்து மறுபடி பார்த்ததில் 11.8. வீட்டுக்கு வந்துவிட்டோம். பாலத்தில் வரும்போது கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். 15-ஆம் நாள் மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதியை அத்தை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

வாலிநோக்கம் மருமகள் | சனி, இரவு 7.40

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எனக்கு ஆண் குழந்தை பிறந்து இது மூன்றாம் நாள். இன்று மதியம் வீட்டுக்கு வந்தோம். மூக்கு நுனி மஞ்சளாக இருப்பதுபோல் தெரிகிறது. என் மாமியார் ஒன்றும் இல்லை என்கிறார். யாராவது இருக்கிறீர்களா?

நர்ஸம்மா மண்டபம் | சனி, இரவு 7.44

இருக்கிறேன் மகளே. பிறந்தது எத்தனை மணிக்கு?